கையெழுத்துப் போடாத ஒரே ஆள்

உள்ளே வா, தண்டபாணி. மாமா என்று கூப்பிடாதே. உன் அப்பன் பொன்னுசாமியும் நானும் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டதெல்லாம் எண்பத்து நாலாம் வருடத்தோடு முடிந்துவிட்டது. அவன் மகனுக்கு நான் மாமா ஆக முடியாது. தோழர் என்று கூப்பிடவும் உனக்குத் தகுதி இல்லை. நீ வங்கி மேலாளர். ஒன்றும் கூப்பிடாமல் உட்கார்.

காபி கிடையாது. என் பொண்டாட்டி மாராத்தாள் வீட்டில் இல்லை. எனக்குக் காபி போடத் தெரியாது, தெரிந்தாலும் உனக்குப் போட மாட்டேன்.

நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். காவேரியம்மன் மில் வேலைநிறுத்தத்துக்கு நாற்பதாம் ஆண்டு மலர் போடுகிறீர்கள். ஏழாம் பக்கத்தில் என் படம். கீழே 'கையெழுத்துப் போடாத ஒரே ஆள்' என்று தலைப்பு. படம் வாங்க வருகிறேன் என்று போனில் சொன்னாய். படம் வாங்க யாராவது நேரில் வருவார்களா? என் மருமகள் ஒரு விரலைத் தட்டினால் படம் உன் போனுக்கு வந்துவிடும். நீ வந்தது பூங்காவில் எடுத்த அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு. அந்தத் தலைப்பைப் போடலாமா வேண்டாமா என்று வேவு பார்க்க வந்திருக்கிறாய். மறுக்காதே. என்னை வேவு பார்த்த ஆட்களை நான் ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். எல்லோரும் உன்னைப்போலத்தான் நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள்.

சரி, என் வாயாலேயே கேள். ஊர் வாயால் கேட்டால் திரிப்பார்கள்.

முதலில் அடிப்படை. நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினில் ஒரு ஆள் பார்க்க வேண்டியது நான்கு சைடு என்று இருந்ததை ஆறாக்கினார்கள். நாங்கள் வேலையை நிறுத்தினோம். நிர்வாகம் கதவை அடைத்தது. தொண்ணூற்று நான்கு நாள். பிறகு கதவைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'நிர்வாகத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பேன், நடந்தவற்றுக்கு வருந்துகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் உள்ளே போகலாம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். வரிசையில் நின்று போட்டார்கள். உன் அப்பன் முதல் நாளே போட்டான், நாலாவது ஆளாக. வரிசையில் நிற்கும்போது என்னைப் பார்த்தான். நான் காறித் துப்பினேன். அவன் மேல் இல்லை, தரையில்தான். எல்லோரும் போட்டு முடித்த அன்றைக்குச் சாயங்காலம் 'கருங்காலிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு' என்று ஒரு துண்டறிக்கை அடித்து வீட்டுக்கு வீடு போட்டேன்.

நான் போடவில்லை. பத்தொன்பது நாள் மில் கேட்டுக்கு எதிரே கொடியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன். இருபதாம் நாள் காலையில் வாட்ச்மேன் வந்தான். "உன்னைய உள்ள வரச் சொல்றாங்க ஆறுச்சாமி" என்றான். கையெழுத்து என்று கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, வா" என்றான். நிர்வாகம் பணிந்தது, தண்டபாணி. ஒரு தனி மனிதனுக்குப் பணிந்தது. லேபர் ஆபீசர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க வீட்ல நல்லவங்க, ஆறுச்சாமி" என்று மட்டும் சொன்னான். குடும்பத்தைக் காட்டி மிரட்டுகிறான் என்று அப்போதே புரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருடம் அந்த மில்லில் தலை நிமிர்ந்து வேலை பார்த்தேன்.

இதை நான் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் எனக்கு ஆறாம் வகுப்போடு சரி. மற்ற படிப்பெல்லாம் துண்டறிக்கைதான். வீட்டில் பேசுவதுகூட எழுதுவதுபோலத்தான் பேசுவேன். என் மகன் சிரிப்பான். அவனுக்குச் சமதர்மன் என்று பெயர் வைத்தேன். அலுவலகத்தில் சாம் என்று வைத்துக்கொண்டிருக்கிறான். மருமகள் ஷர்மிளா ஒரு கம்பெனியில் ஆட்களை எடுக்கிற, நீக்குகிற வேலை பார்க்கிறாள். என் வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டே போன மாதம் பதினாறு பேரை நீக்கினாள். நீக்கிவிட்டு, "மாமா, இன்னொரு தோசை போடட்டுங்களா?" என்றாள்.

இனி பூங்காவுக்கு வருகிறேன்.

பேத்தி மிதுனாவுக்கு ஒன்பது வயது நிறைந்த நாள். குளத்தங்கரைப் பூங்காவில் புதிதாக ஏறுசுவர் ஒன்று வைத்திருக்கிறார்களே, முப்பதடி உயரம், சுவரெங்கும் கலர் கலராகப் பிடிகள், உச்சியில் ஒரு மணி, அதில் ஏற வேண்டும் என்று கேட்டாள். மனிதன் கூலிக்கு ஏறினான், பசிக்கு ஏறினான், கொடி கட்ட ஏறினான். ஏறி மணி அடித்துவிட்டு இறங்குவதற்காக ஏறுகிறவனை நான் பார்த்ததில்லை. வரமாட்டேன் என்றேன். "நீங்க வரலீன்னா பரவால்லீங்க மாமா" என்றாள் மருமகள். அதனால் போனேன்.

படை புறப்பட்டது. மகன் ஓட்டினான். மருமகள் முன்னால் உட்கார்ந்து போனில் யாரையோ நீக்கிக்கொண்டு வந்தாள். பேத்தி ஜன்னலோரம். மாராத்தாள் மடியில் எலுமிச்சை சாதத் தூக்கு. நான் நடுவில் முழங்காலை இடித்துக்கொண்டு. வெள்ளை வேட்டி, கட்சித் துண்டு. என் மகன் கண்ணாடியில் பார்த்து, "அப்பா, துண்டு எதுக்குப்பா? பார்க்குக்குத்தான போறோம்" என்றான். துண்டு இல்லாமல் நான் கக்கூசுக்கு மட்டும்தான் போவேன் என்றேன். மாராத்தாள் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை, அப்போதே குறித்துக்கொண்டேன்.

அங்கே போனால் வரிசை. வரிசையின் முனையில் ஒரு மேசை. மேசையில் ஒரு காகிதம்.

புரிகிறதா உனக்கு? வரிசை, மேசை, காகிதம். நாற்பது வருடம் கழித்து அதே ஏற்பாடு. மேசைக்குப் பின்னால் கழுத்தில் விசில் மாட்டிய ஒருவன். முப்பது வயது இருக்கும். பெயர் ரீகன் என்று சட்டையில் எழுதியிருந்தது. அமெரிக்க ஜனாதிபதியின் பெயர், அதிலேயே அரசியல் தெரிந்துவிட்டது. என் மகன் படிக்காமலே பேனாவை எடுத்தான். நான் காகிதத்தைப் பிடுங்கினேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். தமிழில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'நிர்வாகத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பேன். எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.' அதே சொற்கள். எழுத்து மாறாமல். வருந்துகிறேன் என்பது மட்டும் இல்லை. அதை நாம் விழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

"யாரும் இதில் கையெழுத்துப் போடக் கூடாது" என்றேன். வரிசையைப் பார்த்துத்தான் சொன்னேன். எனக்குப் பின்னால் இருபது குடும்பம் இருக்கும்.

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றான் சாம்.

"குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு? நிர்வாகம் இல்லையாம். பிறகு யார்? புவி ஈர்ப்பா?"

பின்னால் ஒருவன், "பெரியவரே, ரேஷன் கடை அந்தப் பக்கமுங்க" என்றான். சிரித்தார்கள். உழைக்கும் மக்கள்தான் முதலில் சிரிப்பார்கள். அது எனக்குப் பழக்கம். நான் பேசினேன். பதினைந்து நிமிடம் இருக்கும். மூலதனம் உயரத்தை விற்கிறது, விழுவதை நம்மிடம் விட்டுவிடுகிறது என்று ஒரு வரி சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நீ குறித்துக்கொள்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகள் என் முதுகுக்குப் பின்னால் போய்க் கையெழுத்துப் போட்டு, பேத்திக்குப் பெல்ட்டைக் கட்டி, கயிற்றை மாட்டி, சுவரில் ஏற்றியும் விட்டாள். திரும்பிப் பார்க்கிறேன், குழந்தை பத்தடி உயரத்தில் இருக்கிறது. என் சொந்தக் குடும்பத்தில் கருங்காலித்தனம். அதுவும் பட்டப்பகலில்.

அப்போதுதான் முடிவெடுத்தேன். கையெழுத்துப் போடாமலே ஏற முடியும் என்று காட்ட வேண்டும். எழுபத்தொன்பதில் மில் தண்ணீர்த் தொட்டியில் ஏறிக் கொடி கட்டியவன் நான். இந்தச் சுவர் எனக்கு எம்மாத்திரம்? ரீகன் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம் சங்கிலியைத் தாண்டினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். ஏறினேன்.

ஒரு விஷயம். அந்தச் சுவரில் மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று நாலு வகைப் பிடிகள். நான் சிவப்பை மட்டும் பிடித்து ஏறினேன். கையும் சிவப்பு, காலும் சிவப்பு. வேறு நிறத்தில் விரல்கூடப் படவில்லை. நாலு நிறமும் நாலு வழிகள், சிவப்புதான் இருப்பதிலேயே கடினமானது, பயிற்சி எடுத்தவர்களுக்கு உரியது என்று பிறகு சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தாலும் அதைத்தான் பிடித்திருப்பேன். மஞ்சளைப் பிடித்து மேலே போவதைவிடச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்கலாம்.

பாதியில்தான் நின்றேன். பதினோரு அடி. பத்து என்று எவனாவது சொன்னால் நம்பாதே, டேப் வைத்து அளந்தார்கள். அடுத்த சிவப்பு என் கைக்கு ஒன்றரை முழம் மேலே இருந்தது. கீழே இறங்கலாம் என்றால் வேட்டி அவிழ்ந்து காலை மறைத்துக்கொண்டது. எந்தப் பிடியில் எந்தக் கால் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் பேத்தி கயிற்றில் தொங்கிக்கொண்டு, "தாத்தா, அந்த மஞ்சளப் புடிங்க, கிட்டத்துலதான் இருக்கு" என்றாள்.

"மஞ்சள் எனக்குத் தேவையில்லை" என்றேன்.

"அப்ப பச்சையாவது புடிங்க தாத்தா."

ஒன்பது வயதில் சமரசம் பேசுகிறது. தாயின் வளர்ப்பு.

கீழே கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ரீகன் ஓடி வந்தான். கையில் கயிறும் பெல்ட்டும் இருந்தன, ஆனால் கிட்டே வரவில்லை. "ஐயா, ஃபார்ம் போடாம நான் உங்க மேல கயிறு மாட்டக் கூடாதுங்க. கேமரா இருக்குது. வேல போயிரும்" என்றான்.

"உன் சங்கம் எது?" என்று கேட்டேன்.

"சங்கமெல்லாம் இல்லீங்க. கான்ட்ராக்ட்டுங்க."

"எத்தனை மணி நேரம் வேலை?"

"ஐயா, காலு நடுங்குது பாருங்க. மொதல்ல கையெழுத்தப் போட்டுருங்க. ஒரு பேனா, அட்டையோட குச்சில கட்டி மேல நீட்டறேன்."

நீட்டினான், தண்டபாணி. கொக்கியால் மாங்காய் பறிப்பதுபோல, ஒரு நீளக் கம்பின் முனையில் காகிதத்தையும் பேனாவையும் கட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஒரு கை எடுத்தால் விழுவேன். எடுக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் விழுவேன். என் இடது கால் தையல் மெஷின் மாதிரி ஆடத் தொடங்கியிருந்தது. மகன் கீழே நின்று, "அப்பா, போட்டுத் தொலைங்கப்பா" என்று கத்துகிறான். நான் போடவில்லை. இதை எழுதிக்கொள். வாயால் அந்தக் காகிதத்தைத் தட்டிவிட்டேன். அது காற்றில் ஆடி ஆடிக் கீழே விழுந்தது.

எண்பத்து நாலு எனக்கு முப்பது வயதுகூட ஆகாத காலம். இப்போது அறுபத்தொன்பது. இரண்டு தடவை காகிதம் நீட்டினார்கள், இரண்டு தடவையும் போடவில்லை. இதற்குமேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய வேண்டும்?

அப்போது மாராத்தாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். அவசரம் இல்லை. நடந்து வந்து, விழுந்த காகிதத்தை எடுத்துப் புடவையில் துடைத்தாள். "எங்க போடோணும் கண்ணு?" என்று ரீகனைக் கேட்டாள். அவன் காட்டினான். போட்டாள்.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இதை மலரில் போடாதே. சங்க வேலையில் ஒரு மனு என்றால் ஒன்பது நகல். தொழிலாளர் அலுவலர், கலெக்டர், அமைச்சர், பத்திரிகைகள் என்று ஒன்பது. ஒன்பதிலும் நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் பேசுவதற்கு நேரம் ஏது? கல்யாணமான புதிதில் என் கையெழுத்தைப் போட அவளைப் பழக்கினேன். பெயரை எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைப்பேன். ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டாள். அவள் வைக்கிற புள்ளிகள் என்னுடையதைவிட நேராக இருக்கும். இது எல்லா இயக்கத்திலும் நடப்பதுதான்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். ஆட்களை எடுக்கிறவள் அல்லவா, கண் கூர்மை. "அத்தை, அப்படியே மாமா கையெழுத்தாட்டவே இருக்குது" என்றாள்.

மாராத்தாள் பேனாவை மூடினாள். "இதென்ன புதுசா சாமி. உங்க மாமா மில்லுக்குள்ள திரும்பிப் போனதே இந்தக் கையெழுத்துலதான்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உப்பு குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் அந்த இடத்தில் சுவர் சத்தத்தை மேலே ஏற்றுகிறது. பதினோரு அடி உயரத்தில், இரண்டு கையாலும் இரண்டு சிவப்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுவரில் வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியாது. மறுத்துப் பேச மூச்சு இல்லை. நாற்பது வருடத்தில் நான் பதில் பேசாத ஒரே வாக்கியம் அதுதான்.

பிறகு ரீகன் ஏணி போட்டு ஏறிப் பெல்ட்டை மாட்டினான். ஒரு பொதி பஞ்சை இறக்குவதுபோல என்னை இறக்கினார்கள். பாதி வழியில் வேட்டி மொத்தமாகப் போய்விட்டது. கோடு போட்ட டிராயர். நீ பார்த்திருப்பாய். எல்லோரும் பார்த்தார்கள். டிராயரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் சொன்னதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அந்த வீடியோவில் அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது, அதனால்தான் நீ…

என்ன? கேட்கவில்லையா?

பாட்டுப் போட்டிருக்கிறார்களா? வீடியோ முழுக்கவுமா? சத்தமே இல்லையா, வெறும் பாட்டா? ஏதோ சினிமாப் பாட்டு.

ஆக நீ உண்மையிலேயே படம் வாங்கத்தான் வந்தாய்.

இல்லை, எழுந்திருக்காதே. உட்கார். பாதியில் நிறுத்துகிற வழக்கம் எனக்குக் கிடையாது. காதில் விழுந்ததை இனி உன்னிடமிருந்து பிடுங்கவும் முடியாது. முழுவதையும் கேட்டுவிட்டுப் போ. பாதியைக் கொண்டுபோனால் நீ திரிப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் அவளை விசாரித்தேன். முறைப்படி விசாரித்தேன். நாற்காலி போட்டு எதிரே உட்கார வைத்து, கேள்வி எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எந்தத் தேதியில் போட்டாய்?"

"நீங்க நிக்க ஆரம்பிச்ச பத்தொம்பதாம் நாளு. மத்தியானம். பின் கேட்டு வழியாப் போனேன். லேபர் ஆபீசர் காயிதத்தக் குடுத்தாரு. போட்டுக் குடுத்தேன்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னாத் திரும்ப வாசல்ல போயி நின்னுருப்பீங்களே."

"நான் போடவில்லை என்று ஊர் முழுக்க மேடையில் சொன்னேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாய்."

"நீங்க போடலீங்களே. அது நெசந்தானுங்க."

"யாருக்காகச் செய்தாய்? வயிற்றுக்காகவா? சமதர்மனுக்கு அப்போது இரண்டு வயது. பால் வாங்கவா?"

இதற்கு மட்டும் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "நானு வெள்ளலூர்ல தறிக்குப் போயிட்டுத்தான இருந்தேன். கஞ்சிக்கு இருந்துச்சு. பதினெட்டாம் நாளு நீங்க வந்து செவுத்தப் பாத்து உக்காந்து அழுதீங்க. மொத நாளு வாசல்ல அம்பது பேரு உங்களப் பாக்க வந்தாங்க. அப்பறம் பத்தாச்சு. அப்பறம் ஆரும் வல்லீங்க. மூணாம் ஷிப்டு போற பொண்ணுங்க உங்களப் பாத்துச் சிரிச்சிட்டுப் போச்சுங்க. உங்களுக்குத் தோக்கத் தெரியாதுங்க. அதான் போட்டேன்."

தோற்கத் தெரியாதாம். என் பொண்டாட்டி எனக்கு வழங்கிய சான்றிதழ். நான் அழவில்லை. பஞ்சுத் தூசு கண்ணில் விழுந்தால் நாள் முழுக்க நீர் வரும், மில்லில் வேலை பார்த்த எவனையும் கேள். பத்தொன்பது நாளாக நான் மில்லுக்குள்ளேயே போகவில்லை என்று நீ சொல்வாய். வாசலிலும் தூசு உண்டு.

மறுநாள் ஒரு அறிக்கை எழுதினேன். 'எண்பத்து நாலாம் ஆண்டு எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. பூங்காவில் பேசியது மனக்குழப்பத்தில் பேசியது' என்று அவள் சொல்வதாக எழுதினேன். ஒன்பது நகல் எடுத்தேன். அவள் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்தாள். "சரிங்க, போட்டுத் தாறேன். உங்க பேர்ல போடட்டுங்களா, எம் பேர்லயா?" என்று கேட்டாள்.

நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் எனக்கு ஆத்திரம். நக்கலாகக் கேட்டிருந்தால் நாலு நாள் திட்டியிருக்கலாம். காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டேன். மூன்று வாரமாக அவளிடம் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். போன வாரம் தானும் மூன்றடி ஏறினாளாம், மருமகள் சொன்னாள். மஞ்சளைப் பிடித்து. மூன்றடிக்கு ஒரு படிவம், அதில் கையெழுத்து வேறு.

சரி. இப்போது முடிவுக்கு வருவோம். தலைப்பை மாற்றக் கூடாது. கையெழுத்துப் போடாத ஒரே ஆள். இதில் பொய் எங்கே இருக்கிறது? நான் போட்டேனா? பேனாவைத் தொட்டேனா? அவள் போட்டாள். அது அவள் செய்த தவறு. அவள் நிர்வாகத்துக்குப் பணிந்தாள், நான் பணியவில்லை. இரண்டும் வேறு வேறு. அந்த மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியாகிவிட்டது, காகிதமெல்லாம் கரையான் தின்றிருக்கும். லேபர் ஆபீசர் செத்துவிட்டான். பூங்காவில் கேட்டவர்களுக்கு எந்த மில், எந்தக் கையெழுத்து என்று தெரியாது. வீட்டு ஆட்களை விட்டால், முழுக்கத் தெரிந்தவர்கள் நானும் அவளும் நீயும். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், நாற்பது வருடம் சொல்லாதவள். நீ சொல்வாயா?

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? கேள்வி கேட்டால் பதில் சொல்.

என்ன கேட்டாய்? இன்னொரு தடவை கேள்.

அப்பாவின் சாவுக்கு நான் வந்திருக்கலாமே என்று கேட்கிறாயா?

உன் வீட்டு வாசல் இங்கிருந்து எட்டாவது வாசல். சங்கு ஊதியது எனக்குக் கேட்டது. மாராத்தாள் வந்தாள், மாலை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் வரவில்லை. கருங்காலி வீட்டுச் சாவுக்கு நான் போவதில்லை. அது கொள்கை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூறு பேராவது செத்திருப்பார்கள், ஒருவன் வீட்டுக்கும் நான் போனதில்லை. உன் அப்பனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்க முடியுமா? அவன் நாலாவது ஆளாகப் போட்டவன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு அல்ல என்று சொல்கிறாயா? அறுநூற்றுப் பதின்மூன்று. சொல்லிக்கொள். கணக்குப் பார்க்கிறவன் புத்தி வேறு எப்படிப் போகும்.

உனக்கு ஒன்று தெரியுமா? நான் இந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். உன் அப்பன் சைக்கிளில் வருவான். அந்தப் பாலத்து மேட்டில் என்னைப் பார்த்ததும் இறங்கிவிடுவான். தள்ளிக்கொண்டு என் வாசலைத் தாண்டுவான், தலையைக் குனிந்துகொண்டு. அங்கே மஞ்சள் வீடு இருக்கிறதே, அதைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏறுவான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. முழங்கால் போன பிறகும் அப்படித்தான், இறங்குவதற்கே அவனுக்கு ரொம்ப நேரம் ஆகும். நான் பேப்பரைத் தாழ்த்த மாட்டேன். ஆனால் ஓரத்தால் பார்ப்பேன். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்த நாள் முழுக்கச் சாப்பாடு ருசியாக இருக்கும். ஏறிப் போடா பொன்னா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்ததும் உண்டு.

அவள் உள்ளே இருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அரிசி களைந்துகொண்டே பார்த்திருப்பாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை பாவி.

ஒன்று கேட்கிறேன். நீ அவன் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன். உனக்குத் தெரியும். நான் வாசலில் இல்லாத நாளில், கூட்டத்துக்கு வெளியூர் போன நாளில், கதவு சாத்தியிருக்கும்போது, அப்போதும் இறங்குவானா?

தலையை ஆட்டாதே. வாயைத் திறந்து சொல்.